80 டாலர் கேம்: உண்மையில் எது விலை ஏறியது?

கேள்வி இதுதான்: பதினைந்து வருடம் 60 டாலரில் நின்ற கன்சோல் (டிவியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவி) கேம் 2020-ல் 70 ஆனது, 2025-ல் 80-ஐத் தொட்டது. தயாரிப்புச் செலவு கூடியதால் வந்த ஏற்றமா இது, எப்படியும் வாங்குவார்கள் என்ற தைரியத்தில் வைத்த விலையா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணவீக்கத்தைக் கழித்துவிட்டு, பெட்டியில் போட்ட விலையை மட்டும் பார்த்தால், இன்றைய கேம்கள் முப்பது வருடத்துக்கு முந்தைய கேம்களைவிட மலிவு. இருந்தும் வாங்குகிறவர்களின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். முன்பு ஒரு கேமின் விலையைக் குறைத்துக்கொள்ள நம்மிடம் பல வழிகள் இருந்தன: ஆடி முடித்து விற்கலாம், நண்பரிடம் இரவல் வாங்கலாம், நாலு கடையில் விசாரிக்கலாம். அந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டு வருகின்றன. எனக்கு 10 டாலர் ஏற்றத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

இங்கே நான் சொல்லும் விலைகள், வேறு நாடு என்று குறிப்பிடாத இடங்களில், அமெரிக்கச் சந்தையில் அறிவிக்கப்பட்டவை. 69.99 போன்றவற்றை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

கன்சோலில் செருகும் பிளாஸ்டிக் பெட்டியில் கேம் வந்த காட்ரிட்ஜ் காலத்திலிருந்து தொடங்குவோம். 1990களின் முதல் பாதியில் ‘எல்லாப் பெரிய கேமும் ஒரே விலை’ என்ற வழக்கமே கிடையாது. காட்ரிட்ஜுக்குள் இருந்தது மெமரி சிப். கேம் பெரிதானால் சிப் பெரிதாகும், விலையும் கூடவே ஏறும். 1994-ல் செகா ஜெனிசிஸ் கன்சோலுக்கு வந்த வர்ச்சுவா ரேசிங் 100 டாலர். 3டி காட்சிகளைக் கணக்கிடுவதற்கென்றே ஒரு தனி பிராசசரை அந்தக் காட்ரிட்ஜுக்குள் வைத்திருந்தார்கள். 1995-ல் சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்கு வந்த க்ரோனோ ட்ரிக்கர் 80 டாலர். இன்றைய மதிப்பில் அது 170 டாலருக்கு அருகில் வரும். போதாததற்கு, நின்டெண்டோ கன்சோலுக்கான காட்ரிட்ஜ்களை நின்டெண்டோ வழியாகத்தான் தயாரிக்க முடியும். எத்தனை விற்கும் என்று தெரியாமலே பப்ளிஷர் (கேமை வெளியிட்டு விற்பவர்) முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். விற்காமல் தேங்கினால் நஷ்டம் அவர் தலையில். அந்த அபாயமும் விலைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது.

சோனியின் பிளேஸ்டேஷன் இதை மாற்றியது. காட்ரிட்ஜ் ஒன்றைச் செய்ய பத்து, இருபது டாலர் வரை ஆன இடத்தில், சிடி ஒன்றை ஓரிரு டாலரில் அச்சிட்டுவிடலாம். குறைவாக அச்சிட்டு, நன்றாக விற்றால் மறுபடி அச்சிடலாம். கேம் விலை 50 டாலர் பக்கம் இறங்கியது. நன்றாக விற்ற பழைய கேம்களை 1997 முதல் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்ற பெயரில் அதில் ஏறத்தாழ பாதி விலைக்கு விற்றார்கள். காட்ரிட்ஜை விடாமல் பிடித்துக்கொண்ட நின்டெண்டோ 64-ல் அதே 1997-ல் டூரோக் 80 டாலருக்கு விற்றது. 80 டாலர் என்பது புதிய எண் அல்ல. வீடியோ கேம் உலகம் ஒருமுறை விட்டு வெளியேறிய எண்.

2005 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் வந்தபோது 60 டாலர் வழக்கமானது. அது அப்படியே 2020 வரை நின்றது. அந்த ஆண்டு ஜூலையில் டேக்-டூ நிறுவனம் என்பிஏ 2கே21 என்ற கூடைப்பந்து கேமின், புதிய தலைமுறை கன்சோல்களுக்கான பதிப்புக்கு 70 டாலர் என்று அறிவித்தது. சோனி பிளேஸ்டேஷன் 5-ஐ (பிஎஸ்5) வெளியிட்டபோது அதே விலைக்கு வந்தது. மைக்ரோசாஃப்டும் நின்டெண்டோவும் 2023-ல் சேர்ந்துகொண்டன.

பணவீக்கக் கணக்கு இங்கே சுவாரசியமானது. 2005-ன் 60 டாலர் 2025-ல் சுமார் 98 டாலருக்குச் சமம். 2020 இறுதியின் 70 டாலர் சுமார் 87-க்குச் சமம். ஆக, 2025-ன் 80 டாலர் கேம், ஐந்து வருடத்துக்கு முந்தைய 70 டாலர் கேமைவிட உண்மை மதிப்பில் மலிவு. இது கணக்கு, இதை மறுக்க முடியாது. ஆனால் இதோடு வாதம் முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். மீதிக்குப் போகுமுன் செலவைப் பார்த்துவிடுவோம்.

கேம் தயாரிப்புச் செலவு சாதாரணமாக வெளியே தெரியாது. 2023-ல் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்குவது தொடர்பான வழக்கில் தெரிந்துவிட்டது. சோனி நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணத்தில் ரகசிய எண்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்த பிரதியில் அவை படிக்கும்படி இருந்தன. சோனியின் கேம்களில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-க்கு 22 கோடி டாலர், உச்சத்தில் சுமார் 200 முழுநேர ஊழியர்கள். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21.2 கோடி டாலர், சுமார் 300 பேர். விளம்பரச் செலவு பெரும்பாலும் இதற்கு மேல்தான்.

இந்தப் பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி சம்பளத்துக்கு. அமெரிக்க ஸ்டுடியோக்களில் ஒரு ஆளுக்கு மாதம் 10,000 டாலர் என்று தோராயக் கணக்குப் போடுவது நெடுநாள் வழக்கம். சம்பளம், இடவாடகை, காப்பீடு, கருவிகள் எல்லாம் அதில் அடக்கம். இப்போது அந்தத் தொகை இன்னும் அதிகம். பழைய கணக்கையே வைத்தாலும் 300 பேர் ஐந்து வருடம் உழைத்தால் 18 கோடி டாலர் ஆகிவிடும். காட்சியின் நுணுக்கம் கூடக்கூட ஆள் எண்ணிக்கை கூடுகிறது, வருடங்களும் நீள்கின்றன. 2000 வாக்கில் ஒரு கதாபாத்திரத்தின் முகத்தைச் சில நூறு முக்கோணங்களில் வரைந்தார்கள். இன்று தோலின் துளை, கண்ணின் ஈரம், தலைமுடியின் அசைவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித் திறமைசாலிகள் தேவை. விலை 60-லேயே நிற்கும்போது செலவு பத்து மடங்கு ஏறிவிட்டது என்று சோனியின் முன்னாள் உயரதிகாரி ஷான் லேடன் 2020-ல் சொன்னார். சொன்னது தன் துறையைப் பற்றிய கவலை. விலையை ஏற்ற வேண்டும் என்பதைவிட, கேம்களைச் சிறிதாக்க வேண்டும் என்பதே அவர் பேச்சில் ஓங்கி இருந்தது.

விற்பனைப் பக்கம்: டிஜிட்டல் கடையில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் கன்சோல் நிறுவனம் பொதுவாக 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 70 டாலர் கேமில் பப்ளிஷருக்குக் கிடைப்பது 49. இருபது கோடி டாலர் செலவழித்திருந்தால், போட்ட பணம் திரும்ப 40 லட்சத்துக்கு மேல் முழு விலையில் விற்க வேண்டும். 60 டாலராக இருந்தால் ஏறத்தாழ 48 லட்சம். 80 டாலரானால் 36 லட்சம் போதும். பப்ளிஷர்கள் ஏன் அந்த 10 டாலருக்காகத் துடிக்கிறார்கள் என்பது இந்த மூன்று எண்களில் தெரியும். தள்ளுபடியில் விற்பதையும் விளம்பரத்தையும் சேர்த்தால் தேவை இன்னும் கூடும்.

சரி, செலவு இவ்வளவு ஏறியும் பதினைந்து வருடம் 60 டாலர் எப்படித் தாக்குப்பிடித்தது? பப்ளிஷர்களின் பெருந்தன்மையால் அல்ல. வாங்குகிறவர்கள் பல மடங்கு பெருகினார்கள். ஜிடிஏ 5 இதுவரை 20 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 6.8 கோடியைத் தாண்டியது. க்ரோனோ ட்ரிக்கர் காலத்தில் இப்படியான எண்களை யாரும் கனவிலும் கண்டதில்லை. அச்சிடும் செலவு சிடி வந்தபோதே குறைந்தது; டவுன்லோடு வந்தபின் ஒரு கூடுதல் பிரதிக்கான செலவு கிட்டத்தட்ட இல்லை. பணவீக்கத்தைக் காட்டி விலையேற்றத்தை ஆதரிப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதில்லை. சிப்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் கொடுத்த 1995-ன் 80 டாலரையும், ஒரு ஃபைலை இறக்கிக்கொள்ளக் கொடுக்கும் 2025-ன் 80 டாலரையும் நேருக்கு நேர் நிறுத்துவது சரியான ஒப்பீடு ஆகாது.

இன்னொன்று, 60 டாலர் என்பது பெட்டியின் விலையாக மட்டும் சுருங்கிப்போனது. 2006 ஏப்ரலில் ஒப்லிவியன் கேமில் குதிரைக்கான கவசம் ஒன்றை 2.50 டாலருக்குத் தனியாக விற்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள், வாங்கவும் செய்தார்கள். அங்கிருந்து சீசன் பாஸ் (பிறகு வரும் கூடுதல் பகுதிகளுக்கு முன்கூட்டியே கட்டும் பணம்), கூடுதல் கதை, உடை, ஆயுதம், விளையாட்டு வீரர்களின் அட்டைப் பொட்டலம் என்று வழி விரிந்தது. இன்று ஈஏ என்ற பெரிய கேம் நிறுவனத்தின் வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இப்படித் தொடர்ந்து விற்கும் சேவைகளிலிருந்து வருகிறது. அடிப்படை விலை ஏறாததற்கான பணத்தை வேறு வாசல் வழியே நாம் கட்டிக்கொண்டுதான் இருந்தோம். 2023 செப்டம்பரில் ஸ்டார்ஃபீல்ட் கேமை ஐந்து நாள் முன்னதாக ஆட வேண்டுமானால், சந்தாவில் இல்லாமல் தனியாக வாங்குபவர்கள் 100 டாலர் பதிப்பை வாங்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ‘முன்கூட்டியே ஆடும் உரிமை’ சாதாரணமாகிவிட்டது. உண்மையில் அது வெளியீட்டு நாளையே இரண்டாகப் பிரித்து, முதல் பாதிக்கு அதிக விலை வைப்பது. 70-ம் 80-ம் எரிச்சலூட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: அடிப்படை விலையை ஏற்றியவர்கள் இந்தக் கூடுதல் வசூலை நிறுத்தவில்லை.

இனி நான் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன்.

டிஸ்க்கில் வாங்கிய 60 டாலர் கேமின் உண்மை விலை 60 டாலர் அல்ல. வெளிவந்த வாரத்தில் வாங்கி, மூன்று வாரத்தில் முடித்து, 35 டாலருக்கு விற்றவருக்கு அது 25 டாலர் கேம். அவரிடமிருந்து வாங்கியவருக்கு 35 டாலர் கேம். அவர் தம்பிக்குக் கொடுத்தால் தம்பிக்கு இலவசம். ஒரு டிஸ்க்கின் செலவை மூன்று, நான்கு பேர் பங்குபோட்டுக்கொண்டார்கள். கையில் பணம் குறைவாக இருந்த எத்தனையோ பேர் இந்தச் சுழற்சியால்தான் பெரிய கேம்களை ஆடினார்கள்.

பப்ளிஷர்களுக்கு இது பிடிக்கவில்லை. இரண்டாவது விற்பனையில் அவர்களுக்குப் பங்கில்லை. 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிவித்தபோது, பழைய டிஸ்க்கை விற்கவும் இரவல் தரவும் கட்டுப்பாடு விதிக்க மைக்ரோசாஃப்ட் திட்டமிட்டது. அப்போது சோனி ஒரு சிறு வீடியோ வெளியிட்டது: ஒருவர் இன்னொருவர் கையில் டிஸ்க்கைக் கொடுக்கிறார், இரவல் தரும் முறை அவ்வளவுதான். எதிர்ப்பு வலுத்ததால் அந்த ஜூன் மாதமே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. ஆனால் அன்று கட்டளையிட்டுச் செய்ய முடியாததை வசதி மெதுவாகச் செய்து முடித்துவிட்டது. சோனியின் கணக்குப்படியே பிளேஸ்டேஷனில் விற்கும் முழு கேம்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்போது டிஜிட்டல். 2024 நவம்பரில் 700 டாலருக்கு வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் டிரைவே இல்லை. வேண்டுமென்றால் 80 டாலர் கொடுத்துத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

டிஜிட்டலில் வாங்கியதை விற்க முடியாது. அது பாதிப் பிரச்சினை. மறுபாதி, கடை ஒன்றுதான். டிஸ்க் என்றால் ஒரு கடைக்காரர் சரக்கைத் தள்ளிவிட விலையைக் குறைப்பார், எதிர்க்கடைக்காரரும் குறைப்பார். பிளேஸ்டேஷனில் டிஜிட்டல் கேம் விற்கும் கடை பிளேஸ்டேஷன் ஸ்டோர் மட்டுமே. முன்பு மற்றக் கடைகள் முழு கேமை டவுன்லோடு செய்துகொள்ளும் ரகசியக் குறியீடுகளை (code) விற்றுவந்தன. 2019 ஏப்ரல் முதல் சோனி அதை நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் ஒரே கேமை ஐந்தாறு கடைகளில் விலை ஒப்பிட்டு வாங்க முடிகிறது. கன்சோல்காரர்களுக்கு, விலையை வைத்தவரே அதை எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதையும் முடிவு செய்கிறார். 80 டாலர் என்ற அறிவிப்பு இந்தச் சூழலில் வருவதால்தான் வலிக்கிறது. 1995-ன் 80 டாலருக்குப் பக்கத்தில் மாற்றுவழிகள் இருந்தன.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை ‘வாங்குங்கள்’ என்று சொல்லி விற்கும் கடை, உங்களுக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விலையைப் பற்றிப் பேசும் யாரும் இதை மறக்கக்கூடாது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் இறுதியில், இணையத்தில் இணைந்தே ஆட வேண்டிய தி க்ரூ கேமின் சர்வர்களை மூடியபோது, முழு விலை கொடுத்தவர்களிடம் ஆடுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

2025-க்கு வருவோம். நின்டெண்டோவின் புதிய கன்சோல் ஸ்விட்ச் 2 ஜூன் 5-ல் 450 டாலருக்கு வந்தது. கூடவே மரியோ கார்ட் வேர்ல்ட் 80 டாலர். ஐரோப்பாவில் டிஜிட்டல் 80 யூரோ, காட்ரிட்ஜ் 90 யூரோ. ஆனால் கன்சோலோடு சேர்ந்த கட்டாக வாங்கினால் கேமுக்கு 50 டாலர்தான் கூடியது. எனக்கு இது மிகக் கவனமான விலை உத்தியாகத் தெரிகிறது. 80 என்ற எண்ணைக் காதுக்குப் பழக்குகிறார்கள், அதே சமயம் முதல் நாள் வாங்குபவர்களை அந்த விலை தொடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்து வந்த டாங்கி காங் பனான்ஸா கேமுக்கு அவர்களே 70 டாலர்தான் வைத்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

எல்லோருக்கும் அது கைகூடவில்லை. மைக்ரோசாஃப்ட் தன் புதிய கேம்கள் சிலவற்றை 80 டாலருக்கு விற்கப்போவதாக மே மாதம் சொன்னது. தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2 முதலில் அந்த விலைக்கு முன்பதிவுக்கு வந்தது. ஜூலையில் 70-க்கு இறக்கி, ஏற்கெனவே கட்டியவர்களுக்கு வித்தியாசத்தைத் திருப்பித் தர ஏற்பாடு செய்தார்கள். வாங்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் விலை இறங்கும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

கன்சோல்களின் விலையும் இதே ஆண்டில் ஏறியது பலரையும் அதிர வைத்தது. முன்பெல்லாம் கன்சோல் வயதாக வயதாக மலிவாகும்: 2000-ல் 300 டாலருக்கு வந்த பிஎஸ்2, 2009-ல் 100 டாலர். சிப்புகள் சிறுத்துச் சிறுத்து மலிவானதால் அது சாத்தியமானது. அந்த ஓட்டம் இப்போது தளர்ந்துவிட்டது. அமெரிக்க இறக்குமதி வரிகளும் சேர்ந்துகொண்டன. 500 டாலராக இருந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 2025 அக்டோபருக்குள் 650 ஆனது. அதே மாதம், மைக்ரோசாஃப்டின் பல கேம்களை ஆடவிடும் கேம் பாஸ் அல்டிமேட் சந்தா மாதம் 20 டாலரிலிருந்து 30-க்குத் தாவியது. ‘கேம் விலை ஏறினால் சந்தாவுக்குப் போய்விடலாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அதுதான் பதில். மாதம் 30 என்றால் அன்றைய கணக்கில் வருடத்துக்கு 360 டாலர். அதில் ஐந்து 70 டாலர் கேம்களை வாங்கியிருக்கலாம், அவை சந்தா முடிந்ததும் மறைந்துபோகா.

இத்தனைக்கும் நடுவில் நம்பிக்கை தருவது 2024-லும் 2025-லும் மக்கள் கொண்டாடிய கேம்களின் விலைப்பட்டியல். ஹெல்டைவர்ஸ் 2: 40 டாலர். முப்பது பேர் அளவிலான மையக் குழு உருவாக்கிய ‘கிளேர் ஓப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33’ என்ற கேம்: 50 டாலர். ஹாலோ நைட் சில்க்ஸாங்: 20 டாலர், அதுவும் வெளியான நாளில் கூட்டம் தாங்காமல் ஆன்லைன் கடைகளே திணறின. இவற்றில் எதுவும் ‘சிறிய கேம்’ என்று ஒதுக்கத்தக்கதல்ல. செலவு கூடியதால் விலை கூட வேண்டும் என்ற வாதத்தில் ஒளிந்திருக்கும் அனுமானம், எல்லாக் கேமும் 20 கோடி டாலரில்தான் எடுக்கப்பட வேண்டும் என்பது. அப்படி யாரும் கேட்கவில்லை. கண்ணின் ஈரத்துக்காக இரண்டு வருடம் கூடுதலாகக் காத்திருக்கவும் 10 டாலர் கூடுதலாகக் கொடுக்கவும் நான் தயாராக இல்லை. பலரும் தயாராக இல்லை என்பதை இந்த விற்பனைகள் காட்டுகின்றன.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்டால்: கன்சோல் வாங்கும்போது டிஸ்க் டிரைவ் உள்ள மாடலையே வாங்குங்கள். ஆரம்பத்தில் கொடுக்கும் கூடுதல் பணம் நான்கைந்து டிஸ்க்குகளை மறுவிற்பனை செய்தால் திரும்பிவிடும். ஸ்விட்ச் 2-ல் சில பெட்டிகளில் இருப்பது கேம்-கீ கார்டு. கேம் அதில் இருக்காது, டவுன்லோடு செய்தாக வேண்டும். ஆனால் அதையும் விற்கலாம், இரவல் கொடுக்கலாம் என்பதால் வெறும் டிஜிட்டலைவிட மேல். பெட்டியின் முன்பக்கத்தில் கீழே அதைக் குறிப்பிட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். கதையை மையமாகக் கொண்ட ஒற்றை ஆட்டக்காரர் கேம் என்றால் ஆறு மாதம் பொறுங்கள். பிழைகள் சரியாகியிருக்கும், விலையும் பெரும்பாலும் கணிசமாக இறங்கியிருக்கும். நின்டெண்டோவின் சொந்த கேம்களுக்கு இது பொருந்தாது. அவை வருடக்கணக்கில் விலை இறங்குவதில்லை; அதே காரணத்தால் அவற்றின் பழைய காட்ரிட்ஜ்களுக்கும் நல்ல விலை கிடைக்கும். ஆன்லைனில் நண்பர்களோடு ஆடும் கேம்களுக்கு மட்டும் முதல் வாரத்தில் முழு விலை கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் கூட்டம் அப்போதுதான் இருக்கும். முன்பதிவு மட்டும் வேண்டாம். டவுன்லோடு தீர்ந்துபோகும் சரக்கு அல்ல.